கிளீனர் இல்லாத லாரி

நாமக்கல்லில் ஒரு புக்கிங் ஆபீஸ் வாசலில் கேட்ட பேச்சு இது. இருபத்திரண்டு வயதிருக்கும் பையன் ஒருவன் ஹெவி லைசென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறான். ஓனர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"எத்தன நடை போயிருக்கீங்க தம்பி?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டி ஓட்டியிருக்கேனுங்கண்ணா. டெஸ்ட்டுல ஒரே தடவைல பாஸ் பண்ணிட்டேன்."

"அதைக் கேக்கலீங்க. லோடோட எத்தன நடை?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "யாராச்சும் ஏத்திவிட்டாத்தானுங்களே போக முடியும்."

அவன் போன பிறகு ஓனர் பக்கத்துக் காலி மனையைக் காட்டினார். அவருடைய வண்டிகள் இரண்டு டிரைவர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆளே கிடைக்கறதில்லீங்க" என்றார்.

வேலை தேடும் கையில் உரிமம் இருக்கிறது. ஆள் தேடும் மனையில் வண்டி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே இருபதடி தூரம்கூட இல்லை. ஆனாலும் அவை சேரவில்லை. ஓட்டுநர் பற்றாக்குறை என்று நாடு முழுவதும் பேசப்படுவதன் உள்ளே இருக்கும் சிக்கல் இதுதான். 2019இல் மத்திய அரசு, போக்குவரத்துத் துறையில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று கணக்குச் சொன்னது. அதைக் காரணம் காட்டி, வணிக வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை நீக்கியது. ஹரியானாவின் மேவாத் பகுதியில், படிப்பு இல்லாவிட்டாலும் ஓட்டத் தெரிந்த ஏழை இளைஞர்கள் இருக்கிறார்கள் என்று அந்த மாநில அரசு வைத்த கோரிக்கையிலிருந்து தொடங்கியது அந்த மாற்றம். கதவு அகலமானது நல்லதே. ஆனால் நெரிசல் கதவில் இல்லை. கதவுக்குள் நுழைந்த பிறகு ஏற வேண்டிய படிக்கட்டைக் காணோம்.

உரிமம் வாங்குவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கு ஓடும் வண்டியை ஓட்ட இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த வகைக்கான பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) வாங்கவே, குறைந்தது ஓராண்டாக இலகுரக வாகன உரிமம் கையில் இருந்திருக்க வேண்டும். கண், காது, உடல்நிலை குறித்து மருத்துவர் சான்று தர வேண்டும். இந்த உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் மூன்றாண்டுதான். 2021 ஜூலையிலிருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று தனி விதி வந்திருக்கிறது. அங்கே கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரங்களில் 38 மணி நேரம். அதை முடித்தவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

முப்பத்தெட்டு மணி நேரம். வகுப்பறைப் பாடமும் இதற்குள் அடக்கம். சாதாரணப் பயிற்சிப் பள்ளிகளில் பையன்கள் ஓட்டிப் பழகுவது பெரும்பாலும் பாரமில்லாத பழைய லாரியை. தேர்வில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் அதைத்தான்: எடுக்கிறானா, கியர் மாற்றுகிறானா, ரிவர்ஸ் வருகிறானா. வெறும் வண்டியில் இவற்றைச் சரியாகச் செய்தவன் ஓட்டத் தெரிந்தவன்தான், சந்தேகமில்லை. ஆனால் தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாயில் இருபத்தைந்து டன் சரக்கோடு இறங்குவது வேறு வித்தை. இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். இன்ஜின்தான் வண்டியைப் பிடித்துவைக்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கலாமே தவிர அதன்மேலேயே நிற்கக் கூடாது. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறும், கடைசியில் மிதி இருக்கும், பிடி இருக்காது. டீசல் மிச்சமாகிறதென்று நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. அந்தக் கணவாயில் நடந்த கோர விபத்துகள் பலவற்றை விசாரித்தால் கதை அங்கேதான் போய் முடிகிறது. லோடு வண்டி எப்படித் தள்ளும் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாது. ஒருவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முதுகெலும்பில் உணர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி உட்கார ஒரு இடம் இருந்தது. அதன் பெயர் கிளீனர் சீட்.

கிளீனராக ஏறிய பையன் முதலில் கற்றது சத்தம். வண்டி நின்றதும் இரும்பு ராடை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து ஒவ்வொரு டயராகத் தட்டுவான். காற்றுச் சரியாக இருந்தால் ராடு துள்ளும், கணீரென்று கேட்கும். இறங்கிய டயர் தொப்பென்று வாங்கிக்கொள்ளும். பின்னால் இரட்டை இரட்டையாக இருக்கும் டயர்களில் உள்பக்க டயர் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். அடுத்து, மேட்டில் நின்றால் கட்டை போடுவது. பிறகு தார்ப்பாய்: மழைத் தண்ணீர் குளம் கட்டாமல் எப்படி இழுத்து மடிப்பது, எந்த முடிச்சு காற்றில் தளராது, எந்த முடிச்சை இருட்டிலும் அவிழ்க்கலாம். சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்து, பாடியில் தட்டி நிறுத்துவான். அப்படி நூறு தடவை நின்றவனுக்கு வண்டியின் பின்முனை எங்கே முடிகிறது என்பது கைவிரல் போலப் பழகிவிடும். வண்டிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்குவதும் அவன் வேலைதான். இவ்வளவுக்கும் பிறகு, என்றோ ஒரு விடியற்காலையில், ஆளரவமற்ற சாலையில் டிரைவர் வண்டியை ஓரம்கட்டிச் சொல்வார்: "கொஞ்ச தூரம் எடு பாக்கலாம்."

இதை நான் பொற்காலமாகப் பேச வரவில்லை. கிளீனர்களில் பலர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த சிறுவர்கள். பலருக்குக் கூலி என்று எதுவும் கிடையாது, சாப்பாடும் படியும்தான். அடி வாங்கியவர்கள் உண்டு, அதைவிட மோசமான துன்பங்களை அனுபவித்தவர்கள் உண்டு. உரிமம் இல்லாத பையன் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடிப்பது குற்றம். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்த முறை அப்படியே திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால் குறைகளோடு சேர்ந்து பள்ளியும் மூடிவிட்டது, வேறு பள்ளி திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கிளீனர் ஏன் போனார்? ஒற்றைக் காரணம் கிடையாது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் பள்ளியில் தங்க ஆரம்பித்தார்கள். பத்தாவது முடித்தவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை இருந்தது, இரவில் வீட்டுக்குத் திரும்பலாம். ரேடியல் டயர்கள் வந்தபின் வழியில் பஞ்சர் குறைந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் ஓட ஒரு ஆள் தேவைப்படவில்லை. ஃபாஸ்டேக் வந்தது, சுங்கச்சாவடியில் சில்லறை நீட்டும் கையும் வேண்டாமென்றானது. டீசலும் சுங்கமும் ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை. எங்கே குறைக்கலாம் என்று பார்த்த ஓனருக்குக் கண்ணில் பட்டது இரண்டாவது ஆளின் படி.

சட்டமும் அதற்கு வழிவிட்டது. நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்பது முன்பிருந்த விதி. நடைமுறையில் இரண்டாவது ஆளாகப் பல வண்டிகளில் கிளீனர்தான் இருந்தார் என்பது வேறு விஷயம்; ஆனாலும் இரண்டாவது இருக்கைக்கு விதியில் ஒரு இடம் இருந்தது. 2018இல் அது கட்டாயமில்லை என்றாக்கினார்கள். அந்த ஜூலையில் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம் எட்டு நாள் நடந்தது. உரிமையாளர்களுக்குக் கிடைத்த சலுகைகளில் இதுவும் ஒன்று. செலவு குறைந்தது உண்மை. அன்றைக்கு மிச்சம் பிடித்த காசைத்தான் இன்றைக்கு டிரைவர் இல்லாமல் நிற்கும் வண்டிகளின் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

பழைய படிக்கட்டு போனபின் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சின்ன வண்டிகள். ஊருக்குள் காய்கறி, கேஸ் சிலிண்டர், பார்சல் கொண்டுபோகும் டாடா ஏஸ், பிக்கப் வண்டிகள் முதல் 407 வரை. இவற்றை ஓட்டச் சாதாரண கார் உரிமம் போதுமா, தனி அனுமதி வேண்டுமா என்று நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. விபத்து நடந்தால் உரிமம் செல்லாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்துவந்தன. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு போதும் என்றது. அதை மறுபரிசீலனை செய்த ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு, 2024 நவம்பர் 6 அன்று அதையே உறுதிசெய்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வணிக வாகனத்தை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம். இப்படிப்பட்டவர்களால்தான் விபத்து கூடுகிறது என்பதற்குப் புள்ளிவிவரம் எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

இந்தத் தீர்ப்பைக் காப்பீட்டு வழக்காக மட்டும் படிப்பது போதாது. வேலை தேடுபவனுக்கு அது ஒரு படி. இலகுரக வாகன உரிமம் எடுத்தவன் சின்ன வண்டியில் சம்பளத்துக்கு ஏறலாம். சரக்கோடு ஓட்டுவது, இறக்குமிடத்தில் காத்திருப்பது, பில்லில் கையெழுத்து வாங்குவது, பார்ட்டியிடம் பேசுவது எல்லாம் அங்கே பழகும். பிறகு ஈச்சர் மாதிரி நடுத்தர வண்டி. அதன் பின் பத்து வீல். பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத காலத்தில், வண்டியின் எடையே ஆசானாகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ள வேண்டும். நேராக டாரஸ் போன்ற பெரிய லாரியில் ஏறத் துடிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்.

கனரகத்திலும் எல்லாம் ஒரே வேலை கிடையாது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் போகிறவன் மாதக்கணக்கில் வீடு பார்க்க மாட்டான். அந்த வண்டிகள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன, ஆப்பிரிக்காவரை கப்பலேறியும் போயிருக்கின்றன. அதில் ஓட்டுவது பாதி, துளைபோடும் குழுவோடு காட்டில் கிடப்பது பாதி. நாமக்கல்லை மையமாக வைத்து ஓடும் கேஸ் டேங்கர்கள் வேறு உலகம். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு மூன்று நாள் தனிப் பயிற்சி எடுத்து உரிமத்தில் குறிப்பு ஏற்ற வேண்டும். ஓட்டுநருக்கு ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. டேங்கரில் எழுதியிருக்கும் அவசர எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவன் அதை ஓட்டக் கூடாது என்பது நியாயம்தானே. படித்த இளைஞனுக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை. ஆம்னி பஸ் என்றால் இரவெல்லாம் கண்விழிப்பு, பகலில் டிக்கிப் பக்கம் தூக்கம். பள்ளி, கல்லூரி வண்டி என்றால் சம்பளம் குறைவு, ஆனால் இரவு வீட்டில் படுக்கலாம். அனுபவசாலிகள் வயதான காலத்தில் அங்கே ஒதுங்குகிறார்கள், புதியவர்களுக்கு இடம் அரிது.

எல்லோரும் கனவு காண்பது அரசு பஸ். தமிழ்நாட்டில் எட்டு போக்குவரத்துக் கழகங்கள், ஏறத்தாழ இருபதாயிரம் பஸ்கள். 2025 மார்ச்சில் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு 3,274 இடங்கள் அறிவிக்கப்பட்டன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இருபத்து நான்கு வயது, கனரக உரிமம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, குறைந்தது பதினெட்டு மாதம் கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் ஆகியவற்றைக் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஐம்பது அறுபது உயிரை ஒப்படைக்கிறோம், கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பதினெட்டு மாத அனுபவத்தை எந்தக் காகிதத்தில் காட்டுவது?

லாரித் தொழிலில் நியமனக் கடிதம் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. பெரும்பாலும் வாடகையில் இத்தனை சதவீதம் என்றோ, நடைக்கு இவ்வளவு, நாள் படி இவ்வளவு என்றோ வாய்ப்பேச்சாக முடிவாகிறது. நடை முடிந்து வந்து டிரைவர் கணக்கு எழுதுவார்: டீசல், டோல், ஏற்றுகூலி, இறக்குகூலி, பஞ்சர், மாமூல், சாப்பாடு. ஓனர் பார்த்துப் பாக்கியைக் கையில் கொடுப்பார். கணக்குத் தீர்ந்ததும் அந்தத் தாள் கிழிக்கப்படும் அல்லது கட்டோடு மூலையில் கிடக்கும். பத்தாண்டு ஓட்டியவரிடமும் தான் ஓட்டினேன் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

இதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஏனென்றால் இன்றைக்கு ஒரு லாரியின் பயணம் போல் அங்குலம் அங்குலமாகப் பதிவாகும் பயணம் வேறு இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள இ-வே பில்லில் சரக்கு என்ன, மதிப்பு என்ன, எங்கிருந்து எங்கே, வண்டி எண் என்ன என்பதெல்லாம் இருக்கிறது. ஃபாஸ்டேக்கில் எந்தச் சுங்கச்சாவடியை எந்த நிமிடம் கடந்தது என்பது இருக்கிறது. ஜி.பி.எஸ். போட்ட வண்டி என்றால் எங்கே டீ குடிக்க நின்றது என்பதுகூட இருக்கிறது. மூட்டைக்குக் கணக்கு உண்டு, சக்கரத்துக்குக் கணக்கு உண்டு. ஸ்டியரிங் பிடித்தவர் பெயர் இ-வே பில்லிலும் இல்லை, ஃபாஸ்டேக்கிலும் இல்லை. அரசின் ஓட்டுநர் உரிமப் பதிவகத்துக்குச் 'சாரதி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த வகை வண்டிக்கு அனுமதி, என்றைக்குக் காலாவதி என்பதை அது சொல்லும். அந்தச் சாரதி எத்தனை நடை தேர் ஓட்டினார் என்பதைச் சொல்லாது.

விபத்து நடந்தால் மட்டும் பெயர் வந்துவிடும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போய்விடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை. 2024 புத்தாண்டு நாளில் வட மாநிலங்களில் லாரிகள் நின்றதும், பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டதும் இதனால்தான். அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசோடு மத்திய உள்துறை பேசி, அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடப்புக்கு வந்தபோது அது சேர்க்கப்படவில்லை. அடிபட்டவரைப் போட்டுவிட்டுப் போவது மன்னிக்கத்தக்கதல்ல. ஆனால் ஊர் கூடி அடிக்கும் என்ற பயத்தில் ஓடுகிறவர்களும் அதில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் அடுத்த காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லத் துணிவு தருவதையும் சட்டம் யோசிக்க வேண்டும்.

வேலை நேரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. நீண்டதூர வழித்தடத்தில் பத்து மணிவரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு; ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையே தொடர்ந்து ஒன்பது மணி ஓய்வு. அறுபத்தைந்து ஆண்டுக்கு முன்பே எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறார்கள்! ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனர்களால்தான் இந்தியாவின் லாரித் தொழிலே நடக்கிறது; அவர்களிடம் ஓட்டுபவர்களுக்கு அந்தச் சட்டம் எட்டவேயில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்தச் சட்டமும் கரைந்துவிட்டது. புதிய தொகுப்பில் வரம்பு பத்துப் பேர். ஐந்து பத்தாகியிருக்கிறது. எட்டாத கை இன்னும் தூரமாகப் போயிருக்கிறது.

சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020இல் வெளியிட்ட பத்து நகர ஆய்வின்படி ஒரு லாரி ஓட்டுநர் சராசரியாக நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறார். அதே ஆய்வில் 84 சதவீதம் பேர், தங்கள் குடும்பத்தினருக்கு இந்தத் தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றார்கள். கொங்கு நாட்டில் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: லாரி டிரைவருக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்க. தகப்பன் ஓட்டினால் மகனும் ஓட்டுவான் என்றிருந்த வீடுகளிலேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. இளைஞன் வேலையை மறுப்பது சோம்பலால் என்று பேசுபவர்கள் இந்த எண்ணை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இது ஆடம்பரம் இல்லை. படுக்க இடம், குளிக்கத் தண்ணீர், சுத்தமான கழிவறை இவையும் அதே வேகத்தில் வர வேண்டும்.

கழிவறை என்றதும் பெண்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம். வசந்தகுமாரி 1993இல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானார். முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னமும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் அது செய்தியாகத்தான் வருகிறது. நாட்டில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு ஆள் பஞ்சம் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

வெளிநாட்டு வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள். வளைகுடா நாடுகளில் ஹெவி டிரைவர் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நெடுங்காலமாகப் போகிறார்கள். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்; நம் உரிமத்தை வைத்துக்கொண்டு மறுநாளே ஓட்டிவிட முடியாது, அந்த நாட்டு உரிமம் வாங்க வேண்டும். அதற்கான செலவு யாருடையது, உரிமம் கிடைக்கும்வரை சம்பளம் உண்டா, விசாவில் எழுதியிருக்கும் வேலை என்ன என்பதை விமானம் ஏறும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். வீட்டு டிரைவர் விசாவில் போய் லாரி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவந்துவிடுங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்திவருகிறது. அங்கே ஒரு தடவை விசாரித்துவிட்டுக் கடன் வாங்குங்கள்.

இனி, காலியாக இருக்கும் அந்த இரண்டாவது இருக்கை.

உரிமம் எடுத்த இளைஞனை ஓராண்டு சம்பளத்தோடு அனுபவசாலியின் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் தீர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிறுவனைக் கூலியில்லாமல் ஏற்றிய பழைய முறைக்கு மாற்று அதுதான்: வயது வந்தவன், உரிமம் உள்ளவன், காப்பீடு உள்ளவன், கையில் சம்பளம் உள்ளவன். தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மாத உதவித்தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய்வரை, மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் அங்கேயும் தலைக்கணக்கு குறுக்கே வருகிறது. நான்கு பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். ஒற்றை லாரி ஓனர் மறுபடி வெளியே. நாமக்கல், சங்ககிரி, சேலம் போன்ற இடங்களில் வலுவான லாரி உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன. தனி ஓனருக்குப் பதில் சங்கத்தையே நிறுவனமாகக் கருதி, அதன் உறுப்பினர்களின் வண்டிகளில் பழகுநர்களை ஏற்றலாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி மையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பாடம், இங்கே நடை. போக்குவரத்துக் கழகங்கள் பொறியியல் படித்தவர்களைப் பழகுநர்களாக எடுக்கின்றன. ஓட்டுநர் இருக்கைக்கும் அதைச் செய்யலாம். இ-வே பில்லில் ஓட்டுநர் உரிம எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தால் நடைக் கணக்கு தானாகவே சாரதியில் ஏறிவிடும். தொழில்நுட்பம் தடையில்லை. அந்த ஆளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

அதெல்லாம் வரும்போது வரட்டும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேலை தேடும் தம்பிகளும் தங்கைகளும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். சின்ன வண்டியோ பெரிய வண்டியோ, ஆக்டிங் டிரைவராகப் போன ஒரு நாள் வேலையோ, ஒன்றையும் விடாதீர்கள். தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, எத்தனை டன், எத்தனை கிலோமீட்டர். ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்திலும் பதிவுசெய்துகொள்ளுங்கள். மாதம் முடிந்ததும் அந்த நோட்டை ஓனரிடம் நீட்டுங்கள்.

ஓனர்களே, அதில் ஒரு கையெழுத்துப் போட்டு, உங்கள் ஆபீஸ் முத்திரையையும் குத்திக் கொடுங்கள்.